வாலிபர் கொமிற்றி எண்டா கதிரை அடுக்கிறது மட்டும்தானோ? லுத்தரன் சபையில எப்பிடி நடக்குது?

தர்மபுரம்காரி

வணக்கம் எல்லாருக்கும், கொஞ்சம் நீளமா எழுதப்போறன் பொறுத்துக்கொள்ளுங்கோ. நான் கிளிநொச்சி தர்மபுரம் பக்கம், ஏஎல் எழுதிப்போட்டு றிசல்ட்ஸுக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறன். எங்கட சபை லுத்தரன் இல்லை, என்ன சபை எண்டு சொல்ல விருப்பமில்லை, சின்ன ஊர், ஆர் எழுதினதெண்டு உடன பிடிச்சிடுவினம். ஆனா எங்கட அம்மாச்சி நுவரெலியாப் பக்கம் தோட்டத்தில இருக்கேக்க லுத்தரன் சபையிலதான் ஞானஸ்நானம் எடுத்தவ, 77 கலவரத்தோட குடும்பமா வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின ஆக்கள். இப்பவும் அவவுக்கு லூத்தரின்ர சிறிய ஞானோபதேசம் பாடம், ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் "இதின் அர்த்தமென்ன" எண்டு தானே கேட்டுத் தானே மறுமொழி சொல்லுவா.

விசயத்துக்கு வாறன். என்ர சித்தியின்ர மகள் மினசோட்டாவில 11ஆம் வகுப்புப் படிக்கிறாள், அங்க லுத்தரன் சபை. அவள் தங்கட சினொட் (அந்தப் பகுதிச் சபையள் எல்லாம் சேர்ந்த பிரிவு) வாலிபர் தலைமைத்துவக் கொமிற்றியில இருக்கிறாளாம். போன மாசம் வீடியோ கோலில காட்டினாள், ஒரு ஹோல், பத்துப் பன்னிரண்டு பெடியள் பெட்டையள் நிலத்தில இருக்கினம், சுவர் முழுக்க மஞ்சள் துண்டுக் கடதாசி ஒட்டியிருக்கு, ஒரு மூலையில ஒரு வயசான அம்மா பீட்சா சாப்பிட்டுக்கொண்டு சும்மா கேட்டுக்கொண்டு இருக்கிறா. ஆர் அது எண்டு கேட்டன், அதுதான் எங்கட பிஷப் எண்டாள். நான் நம்பேல்ல.

அதே கிழமை எங்கட பக்கம் வாலிபர் தினம். நான் கொமிற்றிச் செயலாளர், பேருக்கு. தலைப்பு என்ன எண்டு எனக்குத் தெரிஞ்சது பனர் அடிச்சு பஸ்ஸில வந்து இறங்கின பிறகுதான். மினிற்ஸ் கொப்பி ஒரு மாமாட்ட இருக்கு, அவர்தான் எழுதுவார், நான் கீழ கையெழுத்து வைப்பன். எங்கட வேலை கதிரை அடுக்கிறது, சோடா குடுக்கிறது, பேச்சாளருக்கு மாலை போடுறது.

அங்க உண்மையில எப்பிடி நடக்குது? ஆர் தெரிவு செய்யிறது, எத்தினை வயசு, உண்மையிலயே வோட் இருக்கோ இல்லாட்டி போட்டோவுக்கோ? பள்ளிக்கூடத்தோட எப்பிடிச் சமாளிக்கினம்? பெட்டையள் இரவு தங்கிற கேம்புக்கு வீட்டில எப்பிடி விடுகினம்? தங்கச்சியைக் கேட்டா "இட்ஸ் ஃபன் அக்கா" எண்டுறாள், அதுக்கு மேல கதை வராது.

பனிக்குள்ள பனங்கொட்டை

தங்கச்சி, நல்ல இடத்தில கேட்டிருக்கிறீர். நான் முல்லைத்தீவில பிறந்து இப்ப மினசோட்டாவில பனி வழிச்சுக்கொண்டு இருக்கிற ஆள், என்ர மகன் அப்பிடி ஒரு கொமிற்றியில ரெண்டு வருசம் இருந்தவன், அவனைக் கொண்டுபோய் இறக்கிப்போட்டு காருக்குள்ள குளிருக்க இருக்கேலாம உள்ள போனதில நானும் பெரியாக்கள் பக்கத்தில ஒரு உதவியாளா மாட்டுப்பட்டனான். அதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

முதல்ல ஒண்டு, அமெரிக்காவில லுத்தரன் எண்டா ஒரே சபை இல்லை. பெரியது இஎல்சிஏ எண்டுவினம், இவாஞ்சலிக்கல் லுத்தரன் சேர்ச் இன் அமெரிக்கா, 1988ல மூண்டு சபையள் சேர்ந்து வந்தது. அடுத்தது மிசூரி சினொட், அது வேற, அங்க டிஸ்ரிக்ற் எண்டு பிரிச்சிருக்கினம், சட்டதிட்டமும் வேற. உம்மட அம்மாச்சியின்ர நுவரெலியாச் சபை அந்த மிசூரிக்காரரின்ர ஊழியத்தோட தொடர்புள்ளது. உம்மட தங்கச்சி சினொட், பிஷப் எண்டு சொல்லுறதைப் பாத்தா இஎல்சிஏ. அதில 65 சினொட், எங்கட மினசோட்டாவில மட்டும் 6, லுத்தரன் ஆக்கள் அவ்வளவு பேர் இங்க.

ஒவ்வொரு சினொட்டும் வாலிபர் கொமிற்றியைத் தங்கட பாட்டில நடத்துது, பேரும் வேற வேற. சில இடத்தில வருசாந்த வாலிபர் ஒன்றுகூடலில எழும்பி நிண்டு ரெண்டு நிமிசம் கதைச்சு வோட் கேக்கவேணும். சில இடத்தில ஃபோம் நிரப்பி, போதகரிட்ட ஒரு கடிதமும் வாங்கிக் குடுக்கவேணும். வயசு அநேகமா 9ஆம் வகுப்பில இருந்து 12 வரை. ஒரு வருசம் இல்லாட்டி ரெண்டு வருசம், பிறகு இடத்தை விடவேணும். இந்தக் கடைசி விசயத்தைக் கவனியும், 35 வயசு வாலிபர் தலைவர் அங்க இருக்கேலாது. (எங்கட ஊரில ஒராள் கலியாணம் கட்டி ரெண்டு பிள்ளையும் பெத்த பிறகும் வாலிபர் தலைவரா இருந்தவர், பேர் சொல்லேல்ல.) ஆக்களை எடுக்கேக்க ஒரே ரவுணில இருந்து எல்லாரையும் எடுக்காம சினொட்டுக்குள்ள இருக்கிற சின்னப் பிரிவுகளில இருந்து பரவலா எடுக்கப் பாப்பினம். அந்தப் பிரிவுக்கு கொன்பரன்ஸ் எண்டு பேர், நான் முதல் வருசம் முழுக்க ஏதோ மாநாடு எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான்.

வேலை என்னெண்டா, குளிர்காலத்தில ஒரு வார இறுதி வாலிபர் முகாம் நடக்கும், அதை இந்தப் பிள்ளையள்தான் கட்டி எழுப்பவேணும். வசனம் எது, பாட்டு எது, ஆர் சாட்சி சொல்லுறது, சின்னக் குழுக்களை ஆர் நடத்துறது, இரவு எத்தினை மணிக்கு லைற் அணைக்கிறது எல்லாம். கூட்டம் அநேகமா ஞாயிறு பின்னேரம் சூமில, நேர சந்திக்கிறது வருசத்துக்கு ரெண்டு மூண்டு தரம், தூரம் அப்பிடி, சிலர் மூண்டு மணித்தியாலம் ஓடி வருவினம். பள்ளிக்கூடத்தில விளையாட்டு, நாடகம் எல்லாத்தோடயும் இழுபறிதான், வராத ஆக்களும் இருக்கினம், அங்கயும் மனுசர்தானே.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்லுறன். முகாமில போனை வாங்கி வைக்கிறதோ இல்லையோ எண்டு ஒரு மணித்தியாலம் சண்டை. பெரியாக்கள் நாங்கள் மூண்டு பேர் சுவரோட இருக்கிறம், எனக்கு வாய் துடிக்குது, "வாங்கி ஒரு பெட்டியில போட்டுப் பூட்டுங்கோவன்" எண்டு சொல்ல. பக்கத்தில இருந்த பாஸ்டர் என்ர காலில மெதுவா தட்டினார், பேசாம இரும் எண்டு. அந்த நேரம் அதுவரைக்கும் வாயே திறக்காத ஒரு 15 வயசுப் பிள்ளை சொன்னாள், போன் பிரச்சினை இல்லை, சத்தம்தான் பிரச்சினை, எனக்கு முன்னூறு பேருக்க இருக்கேக்க மூச்சு முட்டும், ஒரு அறையை லைற் குறைச்சு பேசாம இருக்கிறதுக்கு விடுங்கோ எண்டு. விட்டினம். முகாம் நடக்கேக்க நான் எட்டிப் பாத்தன், நிலத்தில கால் வைக்க இடமில்லை, அவ்வளவு பேர் அந்த அறைக்குள்ள. போனை ஒருத்தரும் தேடேல்ல. எங்கட தலைக்குள்ள அது வந்திராது, சத்தியமா.

பிழையும் விடுவினம். ஒரு வருசம் ரீசேட் ஓடர் போட்ட பெடியன் அளவுக் கட்டத்தில மாறி அமத்தி எல்லாம் எக்ஸ்எல்லில வந்து நிண்டுது. ஏசேல்ல ஒருத்தரும். பெட்டையள் அதை இரவு உடுப்பாப் போட்டுக்கொண்டு திரிஞ்சவை, அந்தப் பெடியன் அடுத்த வருசமும் ஓடர் தானே போடுறன் எண்டு நிண்டவன்.

இப்ப வோட். இது முக்கியம். இஎல்சிஏ சபையில திடப்படுத்தல் (தன்ர விசுவாசத்தைச் சபைக்கு முன்னால தானே அறிக்கையிடுறது) எடுத்து, திருவிருந்தில பங்குபற்றி, காணிக்கையும் போட்டு வாற ஆள் சபைக் கூட்டத்தில வோட் போடலாம், 16 வயசா இருந்தாலும். சினொட் பேரவைக்குச் சபையள் ஆக்களை அனுப்பும், அதில வாலிபரும் போவினம், சில சினொட்டில வழமையான ஆக்களுக்கு மேலதிகமா ஒரு வாலிபரை அனுப்ப விடுகினம். பேரவையிலயும் கொமிற்றியளிலயும் குறைஞ்சது 10 வீதம் வாலிபரும் இளம் ஆக்களும் இருக்கவேணும் எண்டு அவையின்ர யாப்பில இலக்கு எழுதிக் கிடக்கு. வாலிபர் எண்டா தெரிவு செய்யேக்க 18 ஆகாதவை, இளம் ஆக்கள் எண்டா 18ல இருந்து 30. பிஷப்பை 6 வருசத்துக்கு ஒருக்கா அந்தப் பேரவைதான் வோட் போட்டு எடுக்குது, அப்ப உம்மட தங்கச்சி பிரதிநிதியாப் போனா பிஷப் ஆர் எண்டதில அவளுக்கும் ஒரு வோட், மூலையில பீட்சா சாப்பிட்ட அம்மாவுக்கு அது வடிவாத் தெரியும். ஆனா இலக்கு எண்டது இலக்குத்தான், எல்லா இடத்திலயும் அந்த 10 வீதம் வருதெண்டு நினைக்காதேயும். இதே மாதிரி வெள்ளையர் இல்லாத ஆக்கள், இங்கிலிஷ் தாய்மொழி இல்லாதவை 10 வீதம் எண்டும் ஒரு கணக்கு இருக்கு. என்னை உள்ள எடுத்தது அந்தக் கணக்குக்கோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம் இண்டைக்கும் இருக்கு, ஆனா உள்ள போன பிறகு ஆர் என்னை வெளிய விடுறது.

இரவு தங்கிறது பற்றி. இதில அவை கடும் இறுக்கம். ஒரு பெரியாள் ஒரு பிள்ளையோட தனிய இருக்கேலாது, எப்பவும் ரெண்டு பெரியாக்கள். எனக்குப் பொலிஸ் றெக்கோட் பாத்துத்தான் விட்டவை. பிள்ளையளுக்குத் தனிய மெசேஜ் போடக்கூடாது, குறூப்பிலதான். ஆர் கார் ஓடுறது எண்டதுக்கும் ஃபோம், அம்மா அப்பா கையெழுத்து. வீட்டில விடுறதுக்குக் காரணம் நம்பிக்கை எண்டு சொல்லலாம், ஆனா அந்த நம்பிக்கை கடதாசியில எழுதிக் கிடக்கு.

குளக்கட்டு

அக்கா சொல்லுறது எல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. இங்க பின்னேரம் அஞ்சரைக்குப் பிறகு எங்கட றோட்டுக்கு பஸ் இல்லை, ஒட்டுசுட்டான் பக்கம் இருட்டினா ஆனை நிக்கும், இதில சூம் மீற்றிங் எண்டா டேட்டாவுக்கு ஆர் காசு போடுறது.

நானும் மூண்டு வருசம் வாலிபர் செயலாளரா இருந்தனான் வேற ஒரு சபையில. கரோல் எண்டா லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில ஜெனரேட்டரையும் ஏத்தி மழைச் சேத்துக்க பத்து நாள் திரிவம், ஒரு வருசம் குளத்து அலைகரையில பெட்டி புதைஞ்சு விடிய ரெண்டு மணி மட்டும் தள்ளினம், கீபோட்டைத் தலையில தூக்கிக்கொண்டு நிண்டது நான். சேர்ந்த காசை எண்ணிக் குடுத்தது நாங்கள், துண்டில எழுதி. அந்தக் காசு என்ன ஆனதெண்டு மூண்டு வருசமும் ஒரு கணக்கும் ஒருத்தரும் காட்டேல்ல. கேட்டதுக்கு "தம்பிக்கு ஆவிக்குரிய வளர்ச்சி காணாது" எண்டு சொன்னவை. அண்டைக்கு விட்டனான்.

எங்கட கொமிற்றி 9 பேர். இப்ப ஊரில நிக்கிறது 4. மற்றது கனடா, டுபாய், ரெண்டு பேர் கொழும்பில கடையில. தலைமைத்துவம் பழக்கிறதாம், ஆரைப் பழக்கிறது, ஆக்களே இல்லை. ஞாயிறு காலமை ஆராதனை நேரத்துக்கு ரியூசன் வேற.

நெடுங்கேணி உபதேசியார்

மகள் தர்மபுரம்காரி, தம்பி குளக்கட்டு, ரெண்டு பேருக்கும் ஸ்தோத்திரம். போனில தட்டத் தெரியாது, பேரன் சொல்லச் சொல்லத் தட்டுறான், பிழை இருந்தால் அவன்ர பிழை.

கதிரை அடுக்கிறதை லேசா நினைக்காதேயுங்கோ. நான் ஊழியத்துக்கு வந்ததே பாய் விரிச்சுத்தான், அப்ப கதிரை ஏது. இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழ ஆராதனை வைச்ச காலத்தில பாய் விரிக்கிறவனுக்குத்தான் தெரியும் ஆர் வந்தது ஆர் வரேல்ல, எந்தக் குடும்பம் எந்த மரத்துக்குக் கீழ எண்டு. போதகருக்கு அது தெரியாது, அவர் பாய் விரிச்ச பெடியனைத்தான் கேப்பார்.

ஆனா பிள்ளை கேட்ட கேள்வி நியாயம். லுத்தரன் கதை எண்டபடியால் லுத்தரன் கதையிலயே சொல்லுறன். லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706ல தரங்கம்பாடியில வந்து இறங்கேக்க வாலிபன், இருபதுகளில வயசு. டென்மார்க் ராசா அனுப்பினவர் எண்டாலும் கரையில இறங்க அங்கத்தை அதிகாரியள் மதிக்கேல்ல. பேந்து திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளோட நிலத்தில இருந்து மணலில விரலால ஆனா ஆவன்னா எழுதிப் படிச்சவர். 1715ல தமிழில புதிய ஏற்பாடு அச்சில வந்திட்டுது. 1719ல மனுசன் செத்துப்போனார், நாப்பதும் ஆகேல்ல. இப்ப "வாலிபருக்கு அனுபவம் காணாது" எண்டு சொல்லுற ஆக்களுக்கு இதைச் சொல்லுங்கோ.

ஆனா அதே சபையில தமிழ் ஆள் ஒருத்தரைப் போதகரா அபிஷேகம் பண்ண 1733 மட்டும் போனது, ஆரோன் எண்டவர். 27 வருசம். பேராயரா ஒரு தமிழர், ராஜா பூஷணம் மாணிக்கம், 1956லதான் வந்தார். அப்ப 250 வருசம். பிரசங்கம் பண்ண விட்டினம், உபதேசியாரா நடக்க விட்டினம், வெயிலுக்க ஊர் ஊரா அலைய விட்டினம். முடிவு எடுக்கிற கதிரையைத்தான் விடேல்ல.

குளக்கட்டு

ஐயா அப்ப நாங்களும் 250 வருசம் கதிரை அடுக்கவேணுமோ 😄

நெடுங்கேணி உபதேசியார்

அடுக்கிற கதிரையில ஒண்டில இருந்து பார் எண்டு சொல்லுறன் தம்பி. பேரன் சிரிக்கிறான்.

கணக்கு விசயத்தில உனக்கு நடந்தது பிழை. அதை ஆவிக்குரிய வளர்ச்சியோட முடிச்சுப் போட்டது இன்னும் பிழை.

மலைக்கோட்டை வாலிபன்

திருச்சில இருந்து எழுதுறேன், டிஇஎல்சி. எங்க தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919ல உருவானது, பேராயர் அலுவலகம் இங்கதான். உபதேசியார் ஐயா சொன்ன கதை எங்க சண்டே ஸ்கூல் புள்ளைங்களுக்கே பாடம், ஆனா இந்த 27, 250 கணக்கை இந்த மாதிரி யாரும் எங்களுக்குச் சொல்லிக் குடுக்கல, நல்லா உறைச்சுது.

ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். லுத்தரன் உலக சம்மேளனம் ஜெனீவாவில இருக்குல்ல, அவங்க 1984 புடாபெஸ்ட் பேரவையிலயே பெண்கள் 40 சதவீதம், இளைஞர்கள் 20 சதவீதம்னு முடிவு பண்ணிட்டாங்க. இளைஞர்னா 30 வயசுக்குள்ள. 2023ல போலந்து கிராகோவ்ல நடந்த 13ஆவது பேரவைக்கும் அதே கணக்குதான். அதனால யாராவது "வாலிபருக்கு ஓட்டுங்கிறதெல்லாம் அமெரிக்கா ஸ்டைல்"னு சொன்னா நம்பாதீங்க, உலக லுத்தரன் சபைகள் கூடி எடுத்த முடிவு அது. கீழ ஊர் சபை வரைக்கும் அது இறங்குதான்னு கேட்டா, அதுக்கு நான் இன்னொரு நாள் டீ குடிச்சுக்கிட்டே பதில் சொல்றேன்.

ரொறன்ரோவில நிக்கிற தம்பி

கனடாக் கதையையும் கேளுங்கோ. இங்க பெரிய லுத்தரன் சபை இஎல்சிஐசி, இவாஞ்சலிக்கல் லுத்தரன் சேர்ச் இன் கனடா, 1986ல வந்தது, முழுக் கனடாவுக்கும் 5 சினொட்தான், ஆக்கள் குறைவு. அதால என்ன செய்தவை எண்டா அங்கிலிக்கன் சபையோட 2001ல முழு ஐக்கியத்துக்கு வந்து, இப்ப தேசிய வாலிபர் ஒன்றுகூடலையே ரெண்டு சபையும் சேர்ந்துதான் நடத்துது, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, கிளே எண்டு கூப்பிடுவினம், கனேடியன் லுத்தரன் அங்கிலிக்கன் யூத் எண்டதின்ர சுருக்கம். நான் ஒருக்கா உதவியாளராப் போனனான், என்ர குழுவில ஆர் லுத்தரன் ஆர் அங்கிலிக்கன் எண்டு கடைசி நாள் மட்டும் எனக்குத் தெரியாது.

ஏன் சொல்லுறன் எண்டா குளக்கட்டு அண்ணை ஆக்கள் இல்லை எண்டுறார். 4 பேர் ஒரு சபையில, 3 பேர் அடுத்த சபையில, தர்மபுரத்தில அஞ்சு பேர். தனித்தனிய வைச்சுக் கொமிற்றி நடத்தினா கதிரையும் மிஞ்சும். சேர்ந்தா ஒரு பஸ் நிரம்பும். பெரியாக்கள் சேர மாட்டினம், அது வேற கதை, வாலிபர் சேர்ந்து கிரிக்கெற் விளையாடுறதை ஆரும் தடுக்க மாட்டினம் தானே, அதில தொடங்கலாம்.

தர்மபுரம்காரி

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்ல. அம்மாச்சிக்கு வாசிச்சுக் காட்டினன், ஆரோன் போதகர் பேர் வந்த இடத்தில "தெரியும் தெரியும்" எண்டா, தெரியாது எண்டு முகத்தில தெரிஞ்சுது.

அக்கா, எனக்கு 10 வீதம் 20 வீதம் எல்லாம் இப்ப கைக்கு எட்டாது. வாற சனிக்கிழமை எங்கட கூட்டம். ஒண்டே ஒண்டு கேக்கலாம் எண்டா எதைக் கேக்கிறது? சண்டை பிடிக்காம. அந்த மாமா நல்ல மனுசன்தான், அப்பா தவறின நேரம் எங்களுக்கு அரிசி கொண்டந்து தந்தவர், அவருக்கு முன்னால எழும்பி நிண்டு உரிமை அது இது எண்டு கதைக்க எனக்கு வராது.

பனிக்குள்ள பனங்கொட்டை

மினிற்ஸ் கொப்பியைக் கேளும்.

உரிமை எண்டு கேக்காதேயும், "மாமா உங்களுக்கு எழுத்து வேலை கூட, நான் சும்மாதானே இருக்கிறன், இந்தக் கொப்பியை நான் எழுதுறன்" எண்டு கேளும். செயலாளர் நீர்தானே, அவர் என்னெண்டு இல்லை எண்டுறது. பனரைப் பற்றிக் கதைக்க வேண்டாம் இப்ப. கொப்பி உம்மட கையில இருந்தா அடுத்த கூட்டத்துக்கு முதல் என்ன என்ன கதைக்கப்போறம் எண்டு கேட்டு எழுதவேண்டி வரும், அதை வட்சப்பில எல்லாருக்கும் போடவேண்டி வரும், டேட்டா இல்லாத ஆக்களுக்கு வொய்ஸ் அனுப்பினாக் காணும். அங்க எங்கட பிள்ளையளுக்கும் முதல் வருசம் பழக்கிறது இதைத்தான், தலைப்பு வசனம் எல்லாம் பேந்து. எங்கட கொமிற்றியில ஒரு பெடியன் கூட்டம் நடத்தத் தெரியாம நடுங்குவான், ஆனா குறிப்பு அவன்தான் எழுதுவான், மூண்டு மாசத்தில பாத்தா பெரியாக்கள் எல்லாம் "போன முறை என்ன முடிவு எடுத்தனாங்கள்" எண்டு அவனைத்தான் திரும்பிப் பாக்கினம். பாஸ்டர் உட்பட.

தம்பி குளக்கட்டு, உமக்கும் அதுதான், துண்டில எழுதின கணக்கை ஒரு கொப்பியில எழுதி ரெண்டு பேரிட்டக் கையெழுத்து வாங்கியிருந்தா கதை வேற. உம்மைக் குற்றம் சொல்லேல்ல. அந்த வயசில எனக்கும் தெரியாது.

குளக்கட்டு

துண்டு இன்னும் வைச்சிருக்கிறன் அக்கா. வேதாகமத்துக்குள்ள. மை மங்கிப்போச்சு ஆனா வாசிக்கலாம்.

தர்மபுரம்காரி

சனிக்கிழமை முடிஞ்சுது. மழை, 7 பேர்தான் வந்தவை.

நான் எழும்பிக் கேக்கேல்ல. மாமா வந்து இருந்து கண்ணாடியைத் தேடினார், சட்டைப் பையிலயும் இல்லை, மோட்டச்சைக்கிள் பெட்டிக்கையும் இல்லை, வீட்டில விட்டுட்டு வந்திட்டார். நான் "குடுங்கோ மாமா நான் எழுதுறன்" எண்டன். தந்தார். கூட்டம் முடிய வாங்கிக்கொண்டு போவார் எண்டு பாத்தன், "நீயே வைச்சிரு பிள்ளை, உன்ர எழுத்து வடிவா இருக்கு" எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். நான் ரெண்டு இரவு நித்திரை கொள்ளாம யோசிச்ச விசயம், ஒரு கண்ணாடியில முடிஞ்சுது.

பழைய பக்கங்களை வாசிச்சன். எல்லாப் பக்கத்திலயும் ஒரே வசனம், "பல விடயங்கள் கலந்துரையாடப்பட்டன, கூட்டம் ஜெபத்துடன் நிறைவுற்றது." நாலு வருசத்துக்கும் அதுதான், திகதி மட்டும் வேற. நான் எப்பிடி எழுதுறது அக்கா, ஆர் ஆர் என்ன சொன்னவை எண்டு முழுக்க எழுதவேணுமோ? எழுதினா ஒரு ஆள் சொன்னது இன்னொரு ஆளுக்குக் கோவம் வரும்.

பனிக்குள்ள பனங்கொட்டை

வேண்டாம் வேண்டாம். என்ன முடிவு, ஆர் செய்யிறது, எந்தத் திகதிக்குள்ள. மூண்டும் ஒரு வரியில. காசு வந்தா எவ்வளவு, ஆரிட்ட குடுத்தது. அவ்வளவுதான்.

அந்த மாமான்ர பேரையும் ஒரு வேலைக்கு எழுதிவிடும்.

தர்மபுரம்காரி

எழுதிட்டன். அறுப்பின் பண்டிகைக்குக் கதிரை அடுக்கிறது, மாமாவும் நானும்.